காலை நிறுத்தத்தை எடுக்கும் முன்

புதிதாகச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர், காலை நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம். என்னோடு வேலை பார்த்த நஸ்ரின் நேற்று போனில் சொன்னாள். "கோவிக்காதீங்க அக்கா, பிள்ளைகள் நல்லாத்தான் எழுதியிருக்குதுகள்" என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் என் கோபத்துக்கு அலுவலகத்தில் இன்னும் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள் போல. உண்மையில் எனக்குக் கோபம் வரவில்லை. வேலைக்கு வந்த புதிதில் என்னை யாராவது காலையில் ஒரு மணித்தியாலம் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தால் நானும் எழுதித்தான் கொடுத்திருப்பேன். உங்களைவிடக் காரமாக எழுதியிருப்பேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். தினமும் காலையில் கோப்புத் தொகுப்புகளான ஏழு ரெப்போக்களையும் கொழும்பு சர்வரிலிருந்து இழுத்து இங்கே புதுப்பிக்கிறோம். ஏழில் ஒன்று வராவிட்டாலும் எல்லா வேலையும் நின்றுவிடுகிறது. ஒன்று வராததற்கு மற்ற ஆறும் ஏன் நிற்க வேண்டும், வந்ததை வைத்து வேலையைத் தொடங்கலாமே என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். வந்த ஆறை வைத்துக்கொண்டு ஓடும்படி முதன்முதலில் எழுதியவள் நான்தான். அதனால் என்ன நடந்தது என்பதை என் வாயாலேயே கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்போது நம் அலுவலகம் கடுகண்ணாவையில் இருந்தது. பிரதான வீதியோரத்தில் ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடி. ரயில் மேடேறும்போது மேசையில் இருக்கும் தேத்தண்ணி குலுங்கும். இணைய இணைப்பு இருந்தது, ஆனால் நமக்குத் தேவைப்படும் நேரம் பார்த்துக் காணாமல் போகும். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கொழும்பிலிருந்து இழுத்தால் ஒருவருக்கும் முழுதாக வராது. அதனால் மூலையில் இருந்த ஒரு கணினி மட்டும் காலையில் கொழும்போடு பேசும். எல்லா ரெப்போக்களின் பிரதியும் அதில் இருக்கும், மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். அந்தக் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். வீட்டில் எது நடந்தாலும் அதன் கைவழியாகத்தான் நடக்க வேண்டும், அதனிடம் அனுமதி கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது.

எங்கள் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஹந்தானை மலைச் சரிவில் பரீட்சார்த்தமாகச் சில மழைமானிகள் வைத்திருந்தோம். மழை ஒரு அளவைத் தாண்டினால், அந்தச் சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கும் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் போனில் குறுஞ்செய்தி போகும். அந்தச் செய்தியை அனுப்புவதும் மாமியார்தான். ஏழு ரெப்போக்களில் இந்தக் கதைக்கு வேண்டியவை இரண்டு. ஒன்றின் பெயர் விதிகள்: எவ்வளவு மழைக்கு எத்தனையாம் எண் செய்தி போக வேண்டும் என்பது அதில் இருக்கும். மற்றதன் பெயர் செய்திகள்: ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று மொழிகளிலும் என்ன வாசகம் என்பது அதில் இருக்கும். எண்ணைச் சொல்வது ஒன்று, வாசகத்தைச் சொல்வது மற்றது. இரண்டும் ஒரே நாளின் பிரதியாக இருக்கும்வரை தொல்லை இல்லை.

காலையில் ஏழையும் வரிசையாக இழுக்கும் நிரலை நான் எழுதியிருந்தேன். ஒன்று வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும், கடைசியில் திரையில் 'எல்லாம் சரி' என்று பச்சையில் காட்டும். எது வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடைசி வரி வரும். அது கடைசி வரி என்பதால் வந்தது, அவ்வளவுதான். எழுதியவளுக்கே அது மறந்துபோய், தினமும் அதைப் பார்த்துத் திருப்தியோடு தேத்தண்ணி போடப் போவேன்.

நான் ஹந்தானையில் பிறந்தவள். நாலாம் லயம். என் அண்ணன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அண்ணியோடு அதே காம்பராவில்தான் இருந்தார், இப்போதும் இருக்கிறார். மழைமானி வைத்த புதிதில், பரிசோதனைக்காக ஒரு செய்தி அவருடைய போனுக்கும் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். "அபாய நிலைமை தணிந்துள்ளமையால் தங்களது வதிவிடங்களுக்கு மீளத் திரும்புமாறு அறியத்தரப்படுகின்றது."

"ராஜி, இது என்ன, கோட்டுலேருந்து வந்த கடுதாசியா? வழக்கு ஏதும் இருக்கா நம்ம மேல?" என்று கேட்டார். லயமே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் மாமியாரின் முன்னால் உட்கார்ந்து, தமிழ் வாசகங்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். 'மண் சரியப் போகுது. இப்பவே கெளம்புங்க. கோயில் மடத்துக்கு வாங்க.' 'பயம் தீந்துச்சு. வீட்டுக்குப் போகலாம்.' அண்ணனிடம் நேரில் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படி. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதிய எந்த நிரலைப் பற்றியும் எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

ஆனால் அதை நான் கொழும்புக்கு அனுப்பவில்லை. மாற்றத்தைக் கமிட் செய்து பதியவும் இல்லை. மாமியாரிடமிருந்த பிரதியில் கோப்பைத் திறந்தேன், மாற்றினேன், மூடினேன். அனுப்பினால் கொழும்பில் நாலு பேர் கூடி உட்கார்ந்து, இது பேச்சு மொழி, அரச அலுவல்களுக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்புவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அனுமதி கேட்டு இல்லை என்று வாங்குவதைவிட, கேட்காமல் செய்துவிடுவது லேசு. மக்களுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்ற எண்ணமும் கூட இருந்தது, அது என்னை இன்னும் தைரியமாக்கியது.

சில வாரங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை. கொழும்பில் அந்தக் கோப்பை யாரும் தொடாதவரை, என் மாற்றம் ஓரமாகக் கிடந்தது, மற்றதெல்லாம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் அவர்கள் அதைத் தொட்டார்கள். முதியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லும் புதிய செய்தி ஒன்றை நடுவில் சேர்த்தார்கள். மிக நல்ல யோசனை. அதுவரை மூன்றாம் எண் 'கெளம்புங்க', நான்காம் எண் 'பயம் தீந்துச்சு'. இனிமேல் மூன்று புதிய செய்தி, நான்கு 'கெளம்புங்க', ஐந்து 'பயம் தீந்துச்சு'. விதிகளிலும் அதற்கேற்ப எண்களை மாற்றினார்கள்.

மறுநாள் காலையில் விதிகள் ரெப்போ புதிதாக வந்து சேர்ந்தது. செய்திகள் ரெப்போ வரவில்லை. இந்தக் கோப்பில் பதியாத மாற்றம் ஒன்று கிடக்கிறது, இழுத்தால் அது அழிந்துபோகும், அதனால் இழுக்க மாட்டேன் என்று அது நின்றுகொண்டது. பாவம், என் எழுத்தைக் காப்பாற்றத்தான் நின்றது. என் நிரல் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததற்குப் போய், 'எல்லாம் சரி' என்றது. எண்களை மாற்றியதைப் பற்றிக் கொழும்பிலிருந்து மின்னஞ்சலும் வந்திருந்தது. நான் தலைப்பை மட்டும் பார்த்தேன், காலையில் எல்லாம் சரியாக வந்துவிட்டதே என்று மூடிவிட்டேன்.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. வாராவாரம் முதலாம் எண் செய்தியை மட்டும் அனுப்பிப் பரிசோதிப்போம், அது மாறவில்லை, அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. கண்டியில் கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி நான் அலுவலகம் போய்ச் சேரவே அன்று இரண்டு மணித்தியாலம் ஆனது. மத்தியானம் பன்னிரண்டு மணி போல மாமியார் மூன்றாம் எண் செய்தியை அனுப்பியது. என் மனதில் மூன்று என்றால் கிளம்பச் சொல்வது. அங்கே போனதும் அதுவேதான், ஏனென்றால் மாமியாரிடம் இருந்தது பழைய வாசகம். ஹந்தானையில் எல்லோரும் கிளம்பிக் கோயில் மடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் தமிழைப் பார்த்து ஒரு தோட்டமே எழுந்து நடந்திருக்கிறது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

இரண்டு மணிக்கு மழை இன்னும் வலுத்தது. மாமியார் நான்காம் எண்ணை அனுப்பியது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அதற்குள் என் போன் அடித்தது.

செல்வமணி. அந்த லயங்களின் கமிட்டித் தலைவி, கொழுந்து எடுப்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். பின்னால் மழைச் சத்தத்தில் அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, வீட்டுக்குப் போகச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. ஆனா மழ இன்னும் கொட்டுது. மேல ஓடைல தண்ணி செவப்பா வருது. போகவா வேணாமா?"

"எந்த மெசேஜ்? படிச்சுக் காட்டு."

"பயம் தீந்துச்சு. வீட்டுக்குப் போகலாம். இதான்."

என்னுடைய சொற்கள்.

"யாராச்சும் போயிட்டாங்களா செல்வமணி?"

"ஒங்க அண்ணன்தான் மொதல்ல எந்திரிச்சாரு. 'எந் தங்கச்சி போட்ட மெசேஜு, பொய்யா இருக்காது, வாங்க போவோம்'ன்னாரு. அவரு பின்னாடியே அஞ்சாறு குடும்பம் போயிருச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல, அதான் ஒங்களக் கூப்புட்டேன்."

ஒரு மனுஷிக்கு இப்படியான நேரத்தில் புத்தி எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? என் புத்தி விசைப்பலகைக்குத்தான் போனது. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மாமியாரின் முன்னால் பாய்ந்து உட்கார்ந்து, எந்த ரெப்போ எங்கே நிற்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டேன். பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி, சரியான செய்தியை அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். என் கைகளுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

அப்போது எங்கள் பொறுப்பாளர் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தன் பெயரை இந்த மாதிரிக் கதைகளில் எழுத வேண்டாம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

"ராஜேஸ்வரி, அதில இருந்து கையை எடுங்கோ. முதல்ல சனத்தைக் கூப்பிடுங்கோ. மிசினை நான் நிப்பாட்டுறன்" என்றார். சொன்னதோடு குனிந்து, செய்தி அனுப்பும் கருவியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நஸ்ரின் பக்கம் திரும்பி, "நீங்கள் கீழ்க் கிராமத்தைப் பாருங்கோ" என்றார். அவள் ஏற்கெனவே கிராம சேவகரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கிராமத்தில் பன்சலை எனும் விகாரையில் கூடியிருந்தவர்கள் நல்ல காலமாக இன்னும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சல் வரும் என்று காத்திருந்தார்களாம்.

நான் அண்ணனுக்கு அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மழை நாளில் அவர் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார், அடித்தாலும் கேட்காது. மறுபடி செல்வமணியைப் பிடித்தேன்.

"மடத்துல மைக் செட் இருக்குல்ல?"

"இருக்கு. கரண்டு இல்லக்கா. பற்றரில போடலாம்."

"போடு. போட்டுட்டு ஒன் போன மைக்கிட்ட வச்சுப் புடி. நான் பேசுறேன்."

அவர்கள் பற்றரியைக் கொடுத்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன சொல்வதென்று யோசித்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்ற சொற்கள் தாமாகவே நாக்கில் வந்து நின்றன. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அது சுலபமாக வரும், உங்களுக்கும் வரும். கோளாறு என்று சொன்னால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் அண்ணனுடைய இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். ஒரு செய்தி போ என்கிறது. இன்னொரு குரல் கோளாறு, போகாதே என்கிறது. இரண்டில் எதை நம்புவது? அவர் முதலாவதை நம்பியது அது தங்கச்சியின் பேச்சு என்பதால். அப்படியென்றால் தங்கச்சியே வந்து அது பொய் என்று சொன்னால்தான் அவர் நிற்பார்.

மைக் கொர்ரென்று இரைந்தது. நான் பேசினேன்.

"நாலாம் லயத்து ராஜி பேசுறேன். இப்ப வந்த மெசேஜ் தப்பு. மெசின் தப்பு இல்ல, நான் செஞ்ச தப்பு. யாரும் காம்பராவுக்குப் போகாதீங்க. போனவங்க அப்புடியே திரும்பி மடத்துக்கு வாங்க. சாமான எடுக்க நிக்காதீங்க. அண்ணே, ஒங்களத்தான் சொல்றேன். நான் தப்புப் பண்ணிட்டேன், திரும்பி வாங்கண்ணே."

என் குரல் மலையில் பட்டு, கொஞ்சம் தாமதித்து, போன் வழியாக என் காதுக்கே திரும்பி வந்தது. நாலைந்து தரம் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்த இடம் முழுக்க, என்னைப் படிக்க வைத்ததைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த சனங்கள் முழுக்க, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செல்வமணி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எல்லோர் பெயரையும் எழுதி வைத்திருந்தாள். வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு குடும்பம் வந்தது. பிறகு இரண்டு. பிறகு அந்தோனி வீட்டார். "ஒங்க அண்ணனும் அண்ணியும்தான் இன்னும் வரல" என்றாள். அதற்குப் பிறகு கழிந்த நேரத்தை நான் எழுதப் போவதில்லை. கடைசியில், "வர்றாரு, வர்றாரு அக்கா. தலையில மெத்தையோட வர்றாரு" என்றாள். சாமான் எடுக்க நிற்காதே என்று மைக்கில் கத்தியும் மெத்தையோடு வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. நஸ்ரின் பால் போடாத பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள்.

நாலு மணி போல மண் இறங்கியது. நாலாம் லயத்தின் பின்புறம், வரிசையாக நாலு சமையல் குசினிகள் மண்ணுக்குள் போயின. அண்ணனுடைய குசினியும் அதில் ஒன்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று பின்னேரம்தான் மாமியாரைத் திறந்து பார்த்தோம். செய்திகள் ரெப்போ மூன்று வாரம் பின்னால் நின்றது தெரிந்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. உள்ளே கிடக்கும் மாற்றத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, கொழும்பில் இருப்பதை அப்படியே கொண்டு வரும் கட்டளையை அடித்தும் விட்டேன், விரலை வைத்து அமுக்குவதுதான் பாக்கி. நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்க அக்கா. மொதல்ல ஒரு கொப்பி எடுங்க. ஒங்கட தமிழ் போயிடும்."

"போகட்டும். அதாலதான் இவ்வளவும்."

"அதாலயும்தான் அவங்க எல்லாரும் பன்னெண்டு மணிக்குக் கெளம்பி வந்தாங்க" என்றாள். கோபத்தில் இருக்கும்போது எதையும் அழிக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது இவளிடம் கற்றதுதான். அழித்தால் கோபம் ஆறும் என்று தோன்றும். கோபம் மறுநாள் தானாகவே ஆறிவிடும், அழித்தது வராது.

பொறுப்பாளர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலையை விடும் கடிதத்தைக்கூட மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவர் நான் மாற்றிய வாசகங்களைத் திரையில் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"நல்லா இருக்கு. இதை ஏன் மேல அனுப்பேல்லை?"

"அனுப்பினா ஏத்துக்க மாட்டாங்க சேர்."

"கேட்டனீங்களோ?"

"இல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

முப்பது வருடத்தில் என்னை இவ்வளவு சுட்ட கேள்வி வேறு இல்லை. அன்றே என் வாசகங்களைப் புதிய எண்களின் கீழ் சரியாக வைத்து, என் பெயரில் பதிந்து, கொழும்புக்கு அனுப்பினேன். ஏன் தாமதமானது என்று குறிப்பில் எழுத வேண்டும் அல்லவா? 'பல வாரங்களாக யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருந்த மாற்றம்' என்று எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அங்கே இருந்த ஒரு பெண் எழுதியிருந்தாள்: மிக நன்றாக இருக்கிறது, சிங்களத்திலும் இதே பிரச்சினை இருக்கிறது, அதற்கும் இப்படிச் செய்ய யாராவது உதவுவார்களா என்று. நாலு பேர் கூடி உட்கார்ந்து திருப்பி அனுப்புவார்கள் என்று நான் கட்டிய கோட்டை, கேட்ட மாத்திரத்தில் இல்லாமல் போனது.

காலை நிறுத்தம் அந்த வாரத்தில் வந்தது. பச்சை நிற 'எல்லாம் சரி' வரியை நானே அழித்தேன். ஏழின் பெயரும் தனித்தனியே வரும், ஒவ்வொன்றும் எந்த நாளின் பிரதி என்று வரும், ஒன்று பின்தங்கினாலும் மாமியார் நிற்பாள், அதற்கான ஆள் கையொப்பம் போடாமல் அசைய மாட்டாள். எண்களுக்குப் பதிலாகச் செய்திகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கொழும்பைக் கேட்டேன். இந்த முறை கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் அலுவலகத்து வேலை, சுலபமானது. கடினமானது ஹந்தானையில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். யாரும் ஏசவில்லை, தேத்தண்ணி கொடுத்தார்கள், அண்ணி சோறு போட்டாள். அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அந்தோனியின் மனைவிதான் கேட்டாள்: "ராஜிக்கா, அடுத்த தடவ மெசேஜ் வந்தா நாங்க எத நம்புறது?"

நிரலைத் திருத்தியாயிற்று என்று சொன்னால் அவளுக்கு அதில் என்ன இருக்கிறது? தெரியாது என்றுதான் சொன்னேன். அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பகலில், மழையில்லாத நாளில், எல்லாச் செய்திகளையும் ஒவ்வொன்றாக அனுப்பி, அவர்கள் வாசிக்க, நான் மடத்தில் உட்கார்ந்து கேட்டேன். புரியாத சொல்லை அவர்களே மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அன்றே பதிவாகிக் கொழும்புக்குப் போனது. மடத்தில் கூட்டம் சில நாள் பத்துப் பேர், சில நாள் மூன்று பேர். அண்ணன் ஒருமுறைகூட வரவில்லை. குசினி கட்டுகிற வேலை இருக்கிறது என்பார். நான் வற்புறுத்தவில்லை.

அடுத்த பருவத்தில் மறுபடி பெருமழை வந்தது. அன்று காலையில் மாமியார் நின்றுவிட்டாள். ஏழில் ஒன்று, இந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, பாதியில் வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் ஒரு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு அதைச் சரிசெய்யும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பதினொரு மணிக்குப் பின் முதியவர்களுக்கான செய்தி போனது. ஒரு மணிக்கு 'கெளம்புங்க' போனது. அனுப்பியதை நானும் நஸ்ரினும் சத்தமாக வாசித்தோம். சரியான செய்திதான். ஆனால் அங்கே யாராவது எழுந்திருப்பார்களா என்பது எங்கள் கையில் இல்லை. போனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததில் இரண்டாவது யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த ரெப்போ நின்றதோ அதற்குப் பொறுப்பானவரின் போனுக்கு உடனே தகவல் போனால், ஒரு மணித்தியாலம் பத்து நிமிடமாகும் என்கிறீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. செய்யுங்கள், இந்த வாரமே செய்யுங்கள். நிறுத்தத்தைச் சுருக்குங்கள், எடுக்காதீர்கள். என் குறிப்பு செய்திகள் ரெப்போவின் வரலாற்றில் இன்னும் என் பெயரோடு இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் கணினியில் யாரிடமும் சொல்லாத மாற்றம் ஏதும் கிடந்தால், நல்லதோ கெட்டதோ, இன்றைக்கே மேலே அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

அந்த இரண்டாவது மழை நாளில் ஒன்றேமுக்கால் மணிக்குப் போன் அடித்தது. செல்வமணி.

"எல்லாரும் வந்துட்டோம் அக்கா. கொப்பியப் பாத்துட்டேன், ஒருத்தர் பாக்கி இல்ல."

"அண்ணன்?"

"அவருதான் மொதல் ஆளு. எல்லாரையும் லயம் லயமாத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்தாரு." அவள் சிரித்தாள். "அந்தோனி பொஞ்சாதி, போகணுமான்னு கேட்டுச்சு. 'எந் தங்கச்சி போட்ட மெசேஜு, நடங்க'ன்னாரு."